பிள்ளை ஊர் சுற்றட்டுமே!



"படிக்கத்தாங்க அனுப்பினோம். அவ என்னடான்னா பீச்சு பீச்சா நின்னு போட்டோ போட்டுக்கிட்டு இருக்கா. மாசம் பொறந்தா லோனுக்கு வட்டி கட்டுறவங்களுக்குத்தானே கஷ்டம் தெரியும்!"

கும்பகோணத்து வாசகி ஒருவர் போனில் கொட்டித் தீர்த்தது இது. அவருடைய மகள் பிரான்சில், மார்செய் நகரில் முதுகலை படிக்கிறாள். ஒரு சனி, ஞாயிறு லீவில் மத்தியதரைக் கடலோரமாக ரயிலேறி நீஸ், மொனாக்கோ, மாந்தோன் என்று சுற்றிவிட்டு வந்திருக்கிறாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரிசையாகப் படங்கள். "உங்க பொண்ணு அங்க ஜாலியா இருக்கா போல" என்று சொந்தக்காரர் ஒருவர் ஏற்றிவிட, அம்மாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் எத்தனையோ வீடுகளில் இதே புலம்பலைக் கேட்கலாம். 'உடம்பு சரியில்லை' என்று பிள்ளை சொன்னால் உருகிப்போகிறோம். 'அசைன்மென்ட் முடிக்க ராத்திரி முழுக்கத் தூங்கலை' என்றால் பெருமைப்படுகிறோம். சிரித்த முகத்தோடு ஒரு கடற்கரை போட்டோ வந்தால் மட்டும் மனசு சுருக்கென்கிறது. ஏன் அப்படி?

அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடமே பேசினேன். எங்கே போனாள், எப்படிப் போனாள், எவ்வளவு செலவாயிற்று என்று துருவித் துருவிக் கேட்டேன். சளைக்காமல் சொன்னாள். அவள் சொன்னதில் நம் எல்லோருக்கும் விஷயம் இருந்தது.

நம் வீடுகளில் முதலில் கேட்பது காசைத்தானே? அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே எடுத்த ரயில் டிக்கெட், ஹாஸ்டலில் பெண்களுக்கான டார்மிட்டரியில் ஒரு ராத்திரிக்கு ஒரு கட்டில், சாப்பாடு. எல்லாம் சேர்த்தால், கல்யாணத்துக்குப் போக நாம் எடுக்கும் சுமாரான ஒரு பட்டுப்புடவையின் விலை. அதுவும் அப்பா அனுப்பிய காசு இல்லை. எங்கிருந்து வந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதில்தான் கதையே இருக்கிறது.

மார்செய் நகரின் ரயில் நிலையம் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. ஊருக்குள்ளிருந்து வருபவர்கள் 104 படி ஏற வேண்டும். இருட்டு பிரியுமுன் அதில் ஏறி, முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்திருக்கிறாள். நீஸ் போய்ச்சேர இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. "வலது பக்கம் ஜன்னல் சீட் பிடிக்கணும். இடது பக்கம் உக்காந்தா மலையை மட்டும் பார்த்துட்டு வரவேண்டியதுதான்" என்று விவரமாகச் சொன்னாள்.

வழியில் எஸ்தெரெல் என்றொரு மலைத்தொடர். பாறையெல்லாம் சுட்ட செங்கல் நிறம். அதன் அடிவாரத்தில் நீலக் கடல். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் ரயில் வளைந்து வளைந்து போகிறது. கோச்சில் தூங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்களாம்.

நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது, தெரியுமா? எல்லாம் உருண்டைக் கூழாங்கற்கள். அலை திரும்பிப் போகும்போது அவை ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். வெறுங்காலில் நாலு அடி வைப்பதற்குள் பாதம் நொந்துபோகும். குடை, சாய்வு நாற்காலி, வெயிட்டர் சகிதம் காசு கட்டி உட்காரும் பகுதிகள் அங்கே உண்டு. அதற்கு அடுத்தாற்போலவே பொதுக் கடற்கரை. துண்டை விரித்து உட்கார்ந்தால் கேட்பார் இல்லை. நம் பெண் எங்கே உட்கார்ந்தாள் என்று சொல்லவேண்டியதில்லை.

கரையை ஒட்டி சுமார் 7 கி.மீ. நீளத்துக்கு ஒரு நடைபாதை. ஆங்கிலேயர் நடைபாதை என்று பெயர். 1820-களின் தொடக்கத்தில், விளைச்சல் பொய்த்துப் பிழைப்பில்லாமல் ஊருக்குள் வந்த ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காக, குளிர்காலத்தை அங்கே கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் பணம் திரட்டி இந்தப் பாதையைப் போட ஆரம்பித்தார்கள். லூயிஸ் வே என்ற பாதிரியார் முன்னின்று செய்த காரியம். இன்று அதில் நீல நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கடலைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா உட்காரலாம்.

பழைய நீஸ் பகுதியில் தெருக்கள் மிகக் குறுகல். மஞ்சளும் காவியுமாகச் சுவர்கள். மாடிக்கு மாடி கொடி கட்டித் துணி உலர்த்தியிருக்கிறார்கள். அங்கே அவளுக்குக் கிடைத்த மதியச் சாப்பாட்டின் பெயர் சோக்கா. கொண்டைக்கடலை மாவில் தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. தோசை மாவு போலக் கரைத்து, ஆள் கைவிரித்த அகலத்துக்கு இருக்கும் தாம்பாளத்தில் ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று வெந்து வந்ததும் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் போட்டு, மேலே மிளகுத்தூள். முட்டை இல்லை, இறைச்சி இல்லை. "அம்மா அடை சுடுற வாசனை வந்துச்சு" என்றாள். இதை அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். "எங்க சொல்ல விட்டாங்க?" என்று சிரித்தாள்.

ஊருக்கு நடுவே கோட்டைக் குன்று என்று ஒரு மேடு. மேலே போனால் கோட்டையைக் காணோம். 14-ஆம் லூயி மன்னரின் உத்தரவுப்படி 1706-ல் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது; இப்போது அது பூங்கா. படியேற முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, கட்டணம் இல்லை. தினமும் மதியம் 12 மணிக்கு அந்தக் குன்றில் வெடிச்சத்தம் கேட்கும். விஷயம் தெரியாத டூரிஸ்ட்டுகள் தூக்கிவாரிப்போட்டு நிற்க, உள்ளூர்க்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

பிற்பகலில் ஓவியர் மார்க் ஷகாலின் மியூசியம். பைபிள் கதைகளை வைத்து அவர் வரைந்த 17 பெரிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. இவளுக்கு டிக்கெட் வாங்கும் வேலை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பிரான்சின் தேசிய மியூசியங்களில் நிரந்தரக் காட்சிகள் இலவசம். படிக்க வந்து அங்கே தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது உண்டு. குடியிருப்பு அட்டையைக் காட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீஸிலிருந்து வில்ஃபிரான்ஷ். ரயிலில் சில நிமிஷம். அங்கிருந்து காப் ஃபெரா என்ற நிலமுனையைச் சுற்றி நடை. உலகத்தின் பெரும் பணக்காரர்கள் பங்களா கட்டி வைத்திருக்கும் இடம். ஆளுயர மதில், இரும்பு கேட், கேமரா. ஆனால் அந்த மதிலுக்கும் கடலுக்கும் இடையே ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. அதில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். எந்த முதலாளியும் தடுக்க முடியாது. கடலோர நிலம் யாருடையதாக இருந்தாலும் கரையை ஒட்டி 3 மீட்டர் அகலத்துக்கு மக்கள் நடக்க வழிவிட வேண்டும் என்று 1976-லேயே பிரான்ஸ் சட்டம் போட்டுவிட்டது. கடற்கரை எல்லோருக்கும் பொது, இலவசம் என்று 1986-ல் இன்னொரு சட்டம் அதை உறுதி செய்தது. கோடீஸ்வரர் ஒருவரின் தோட்டத்துக்குக் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்து, முதல் நாள் கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டிருக்கிறாள் நம் பெண். அங்கே எந்த போர்டும் அவளைத் தடுக்கவில்லை.

பிறகு மொனாக்கோ. தனி நாடு, மொத்தப் பரப்பே சுமார் 2 சதுர கி.மீ.தான். ஸ்டேஷன் மலையைக் குடைந்து பூமிக்குள் இருக்கிறது. வெளியே வந்தால் கேசினோ, அதன் வாசலில் விலை உயர்ந்த கார்கள், அவற்றோடு செல்ஃபி எடுக்கும் கூட்டம். இந்தச் சூதாட்ட மாளிகைக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கதை மாதிரி ஒரு கதை இருக்கிறது. மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களும் முன்பு மொனாக்கோவைச் சேர்ந்தவை. எலுமிச்சை, ஆலிவ் விளையும் அந்த ஊர்கள் 1848-ல் பிரிந்துபோயின. 1861-ல் பிரான்ஸோடு சேர்ந்தன. நிலத்தில் பெரும்பகுதி போயிற்று, வரி வருமானமும் போயிற்று. கையில் மிஞ்சிய பாறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேசினோவை வளர்த்தார்கள். 1868-ல் ரயிலும் வந்துசேர, அடுத்த வருஷமே குடிமக்களுக்கு நேரடி வரி ரத்து. இன்றும் மொனாக்கோ குடிமக்கள் அந்தக் கேசினோவில் சூதாட அனுமதி இல்லை. ஊரான் காசு போதும், வீட்டுப்பிள்ளை கெட்டுப்போகக் கூடாது!

மாந்தோன் இத்தாலி எல்லையில் இருக்கும் கடைசி ஊர். எலுமிச்சைக்குப் பேர்போனது, பிப்ரவரி மாதத்தில் எலுமிச்சைத் திருவிழாவே நடக்கும். அங்கிருந்து ஒரு எட்டு இத்தாலிக்குப் போய், வென்டிமில்யா ஊரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். மலைமேல் இருக்கும் ஏஸ் கிராமத்துக்கு நேரமில்லை. ரெண்டு நாளில் எல்லாம் பார்க்க முடியுமா?

திரும்பும் வழியில் நடந்த ஒன்றை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார் என்று விட்டுவிட்டாளாம். பிரான்ஸுக்குள் நுழைந்ததும் முதல் ஸ்டேஷனில் போலீஸ் ஏறியது. 2015 முதல் அந்த எல்லையில் சோதனை உண்டு. இவளிடம் கேட்டார்கள். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் எடுத்துக் காட்டினாள். 'நன்றி' சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இரண்டு சீட் தள்ளி அவள் வயதில் இருந்த இரண்டு பையன்களிடம் காட்ட எதுவும் இல்லை. இறக்கிவிட்டார்கள். ஒருவன் காலில் ஷூவுக்கு லேஸ் இல்லை என்பதை அவள் கவனித்திருக்கிறாள். "ஒரே ரயில், ஒரே வயசு. கையில ஒரு கார்டு இருக்கா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம்" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தப் பாடப்புத்தகம் அவளுக்கு இதைச் சொல்லித் தந்திருக்கும்?

இப்போது கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

இந்தக் கடலோரம் எப்போதும் நம் பெண்ணைப் போன்றவர்களுக்குத் திறந்து கிடந்ததில்லை. ஆரம்பத்தில் அங்கே வந்தவர்கள் ஊர்க்குளிர் தாங்காமல் தப்பி வந்த ஆங்கிலேயப் பிரபுக்கள். அப்புறம் காசநோய்க்காரர்கள். மருந்து இல்லாத காலம் அது. இதமான வெயிலும் கடற்காற்றும் நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர்கள் அனுப்பிவைத்தார்கள். செலவழிக்க வசதி இருந்தவர்கள் வந்தார்கள். பலர் திரும்பிப் போகவில்லை. மாந்தோன் மேட்டில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் இங்கிலாந்து, ரஷ்யா, ஜெர்மனி என்று எல்லா ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன.

1864-ல் நீஸுக்கு ரயில் வந்தது. ராஜாக்களும் பின்னாலேயே வந்தார்கள். விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீஸின் சிமியே பகுதிக்கு வந்து தங்கினார். நெஞ்சு நோயோடு போராடிய எழுத்தாளர் செகாவ் 1897-ன் குளிர்காலத்தைக் கழித்ததும் நீஸில்தான். 1922-ல் கலே துறைமுகத்திலிருந்து இந்தக் கடற்கரைக்கு நீல நிறப் பெட்டிகள் கோத்த ஒரு சொகுசு ரயில் விட்டார்கள். முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டும்.

அந்த ஓட்டல்களில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், பெட்டி தூக்கியவர்கள்? அவர்களும் அதே கடற்கரையில்தான் இருந்தார்கள். கடலைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்?

மாற்றம் 1936-ல் வந்தது. அந்த வருஷம் தேர்தலில் இடதுசாரிக் கூட்டணி ஜெயித்து, லெயோன் ப்ளூம் பிரதமரானார். நாடு முழுக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம், ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூன் 20-ஆம் தேதி சட்டம் வந்தது: ஆண்டுக்கு இரண்டு வாரம், சம்பளத்தோடு விடுமுறை. அதுவரை பெரும்பாலான தொழிலாளர்களுக்கு லீவு என்றால் சம்பளம் கட்.

லீவு கிடைத்துவிட்டது. போவதற்குக் காசு? அதையும் யோசித்தவர் ஒருவர் இருந்தார். விளையாட்டு, ஓய்வுநேரத் துறைகளைக் கவனித்த இளம் அமைச்சர் லெயோன் லக்ராஞ்ச். விடுமுறைக்குப் போகும் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். இளைஞர்கள் மலிவாகத் தங்கும் விடுதிகளை ஊருக்கு ஊர் ஊக்குவித்தார். நம் பெண் படுத்துத் தூங்கிய டார்மிட்டரிக் கட்டிலுக்கு அந்த விடுதிகளில்தான் வேர். 'சோம்பேறித்தனத்துக்கு ஒரு மந்திரி' என்று எதிர்த்தரப்பு அவரைக் கேலி செய்தது. அந்தச் 'சோம்பேறி மந்திரி' 1940-ல் போர்முனையில் உயிர்விட்டார்.

அந்த முதல் கோடையிலேயே லட்சக்கணக்கானவர்கள் அந்த டிக்கெட்டில் கிளம்பினார்கள். சைக்கிளிலும் போனார்கள், இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளிலும் போனார்கள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்திராதவர்கள் அவர்களில் ஏராளம். மேல்தட்டு மக்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க யாராலும் முடியவில்லை. இரண்டு வாரம் 1956-ல் மூன்றாயிற்று, 1969-ல் நான்காயிற்று, 1982-ல் ஐந்தாயிற்று.

நம் பெண்ணின் காசுக் கதைக்கு இப்போது வருகிறேன். பிரான்சில் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அவள் கோடையில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்திருக்கிறாள். ஒப்பந்தம் முடிந்து கடைசிச் சம்பளச் சீட்டு வந்தபோது, எதிர்பார்த்ததைவிடத் தொகை கூடுதலாக இருந்தது. கணக்குத் தப்போ என்று முதலாளியம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா சீட்டில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாராம். நீ எடுக்காமல் விட்ட விடுமுறைக்கான பணம். மொத்தச் சம்பளத்தில் பத்து சதவீதம். சட்டப்படி உனக்குச் சேரவேண்டியது. குறுகிய கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் அங்கே விடுமுறை கணக்கில் ஏறுகிறது. எடுக்க முடியாவிட்டால் காசாகக் கைக்கு வருகிறது.

அந்தக் காசில்தான் நீஸும் மொனாக்கோவும். ஓய்வுக்கென்று வந்த பணத்தை ஓய்வுக்கே செலவழித்தாள். இதில் என்ன தப்பு?

லோன் வட்டி கட்டும் பெற்றோரின் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. வட்டி ஓடுவது நிஜம். பிள்ளை படிப்பைக் கோட்டை விட்டால் அது நிஜமான பிரச்னை. அப்போது கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ரெண்டு நாள் ஊர் சுற்றியதும் படிப்பைக் கோட்டை விட்டதும் ஒன்றா?

பாதுகாப்புக் கவலையும் நியாயமானது. அந்த நீஸ் நடைபாதையில்தான் 2016 ஜூலை 14 அன்று, தேசிய தினக் கொண்டாட்டக் கூட்டத்துக்குள் ஒருவன் லாரி ஏற்றி 86 பேரைக் கொன்றான். அவர்களின் நினைவாகக் கடலோரத்தில் ஒரு தேவதைச் சிலை நிற்கிறது. அதைத் தாண்டித்தான் ஊர் மக்கள் இன்றும் மாலையில் நடக்கிறார்கள், குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போகிறார்கள். எந்த ஊரில் இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். அதற்காக அறைக்குள்ளேயே இரு என்று சொன்னால், அது பாதுகாப்பா?

பயப்படுவதற்குப் பதிலாக உருப்படியாகக் கேட்கலாம். எந்த ரயிலில் போகிறாய், எங்கே தங்குகிறாய்? அந்த விலாசத்தை அனுப்பிவைத்தாயா? பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் ஒரிஜினலாகக் கையில் இருக்கிறதா, போட்டோ எடுத்து வைத்தாயா? திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அன்றைக்கு ரயில் ஸ்டிரைக் ஏதாவது இருக்கிறதா? பிரான்சில் கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. கூட்டமான வண்டியில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள், இருட்டிய பிறகு தெரியாத ஊரில் இறங்காதே என்பதையும் சொல்லலாம். இவ்வளவும் கேட்டு முடித்தபின், "என்ன சாப்பிட்டே, என்ன பார்த்தே?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். மறைக்காமல் சொல்லும் பிள்ளையைவிடப் பெரிய பாதுகாப்பு எது? 'ஏன் போனே?' என்று ஆரம்பித்தால், அடுத்த முறை போனது நமக்குத் தெரியவே வராது. ஸ்டேட்டஸை 'அம்மாவைத் தவிர' என்று மாற்றிவைக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

யோசித்துப் பார்த்தால், நம் கோபம் பிள்ளையின்மேல்கூட இல்லை. ஓய்வு என்ற விஷயத்தின் மேலேயே நமக்கு ஒரு சந்தேகம். "முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் லீவு போட்டதில்ல" என்று அப்பா சொல்வதைப் பெருமையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அம்மாவுக்கு லீவே கிடையாது என்பதை அன்பின் அடையாளமாக மேடையில் பேசுகிறோம், அன்னையர் தின மெசேஜில் பகிர்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை. அவருக்கு மட்டும் அன்றைக்குத்தான் கறிக்குழம்பு, ஸ்பெஷல் டிபன், கூடுதலாக ஒரு அண்டா பாத்திரம்.

நம்மிடம் சட்டமே இல்லையென்று இல்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல்தான் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதற்கே சட்டம் போடவேண்டியிருந்ததென்றால், ஊர் சுற்றப் போவதை நாம் எப்படிப் பார்ப்போம் என்று சொல்லவும் வேண்டுமா?

சர்க்கார் செய்யவேண்டியதை சர்க்கார் செய்யட்டும். நம் வீட்டு அளவில் நாம் என்ன செய்கிறோம்?

நம் வீட்டில் பாத்திரம் துலக்கித் துணி துவைத்துத் தரும் அக்கா, வருஷத்தில் எத்தனை நாள் சம்பளப் பிடித்தம் இல்லாமல் லீவு எடுக்கலாம் என்று அவரிடம் என்றாவது பேசியிருக்கிறோமா? 'சொல்லாம கொள்ளாம நின்னுட்டா' என்று குறைப்படுகிறோம். சொல்லிவிட்டு நின்றால் காசு போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தால், எப்படிச் சொல்வார்? மாதம் இரண்டு நாள், பண்டிகைக்கு நாலு நாள் என்று முதலிலேயே பேசி, எடுக்காத நாளுக்கு வருஷக் கடைசியில் கணக்குப் போட்டுக் கையில் கொடுத்துப் பாருங்கள். மார்செய் பேக்கரிக்காரம்மா கொடுத்ததும் அதுதானே?

கடை வைத்திருக்கும் வாசகர்கள், டிரைவர் வைத்திருப்பவர்கள், அப்பார்ட்மென்ட் சங்கத்தில் வாட்ச்மேனுக்குச் சம்பளம் முடிவு செய்பவர்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். லீவும் சம்பளத்தில் ஒரு பகுதிதான். வேலைக்கு எடுக்கும்போதே அதையும் பேசிவிட்டால் இரண்டு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது.

வீட்டு அம்மாக்களுக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பது என்று கேட்பீர்கள். சீட்டு வேண்டாம், ஒரு நாளாவது கொடுக்கலாமே? மாதத்தில் ஒரு ஞாயிறு அடுப்பை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள, அவர் விருப்பப்பட்ட இடத்துக்குப் போய் வரட்டும். கோயிலோ, தோழி வீடோ, மகாபலிபுரமோ, அவர் இஷ்டம். போய் வந்ததும் 'எவ்வளவு செலவாச்சு?' என்று மட்டும் முதலில் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டில் யார் யாருக்கு லீவு இருக்கிறது, யாருக்கு இல்லை? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள். நல்ல யோசனைகளை அடுத்த இதழ்களில் எல்லோரோடும் பகிர்ந்துகொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்